வால்மீனும் அச்சுப்பொறியும்

மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக வானத்தை உற்று நோக்கி வந்திருக்கிறான். கண்டதைக் கல்லிலும் களிமண்ணிலும் ஓலையிலும் தோலிலும் எழுதி வைத்த வழக்கமும் பழமையானதே. ஆனால் ஒருவர் கண்டு எழுதியதை, அவர் முகம் அறியாத நூறு பேர், நூறு ஊர்களில், ஒரே வடிவில் படித்துத் தாம் கண்டதோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை அச்சுக்கலை பரவிய பின்னரே உண்டாயிற்று. இம்மாறுதலால் அறிவுலகம் அடைந்த பயன் எத்தகையது என்பதை விளக்குவதற்கு வால்மீனைப் போலப் பொருத்தமான சான்று வேறொன்று கிடைப்பது அரிது.

அதற்குக் காரணம் உண்டு. ஹாலி வால்மீன் ஒரு முறை வந்து சென்றால் மீண்டும் தோன்ற ஏறக்குறைய 76 ஆண்டுகள் ஆகின்றன. இளமையில் கண்டவர் முதுமையில் மீண்டும் காண்பது நூற்றில் ஒருவருக்குக் கிட்டினால் அதுவே பெரிது. இரு முறையும் கருத்தோடு அளந்து ஆராய்வது அதனினும் அரிது. ஆகவே, பாட்டன் கண்டதைப் பேரன் கண்டதோடு சேர்த்து வைத்துப் பார்த்தாலன்றி, வந்தது ஒரே வால்மீன்தான் என்று தெளிய வழியில்லை. அவ்வாறு சேர்த்து வைத்த கருவி எது, சேராமல் போனபோது நேர்ந்த இழப்பு யாது என்பதே இவ்வரலாற்றின் உட்பொருள்.

தீக்குறி என்னும் அச்சம்

வால்மீன் தோன்றினால் மன்னனுக்குக் கேடு, நாட்டுக்குப் பஞ்சம், மக்களுக்குக் கொள்ளைநோய் என்னும் நம்பிக்கை உலகின் பல பகுதிகளிலும் வேரூன்றியிருந்தது. பழந்தமிழரிடத்தும் அதற்குச் சான்று உண்டு. புறநானூற்றின் 117-ஆம் பாட்டில் கபிலர், பாரியின் பறம்பு நாட்டை நினைந்து இரங்குகிறார். சனி புகைந்தாலும், வால்மீன் தோன்றினாலும், வெள்ளிக்கோள் தென்திசையில் சென்றாலும் அந்நாட்டின் வளம் குன்றியதில்லை என்பது அவர் கருத்து. அவை யாவும் தீக்குறிகளாகக் கருதப்பட்டமையால்தான் அவர் அவ்வாறு அடுக்கிக் கூறினார். வால்மீனுக்கு அப்பாட்டில் வழங்கும் பெயர் தூமம் என்பதாகும். புகை என்பது அதன் பொருள்.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் வேறு வகையில் விளக்கம் தந்தார். நிலத்திலிருந்து எழும் வறண்ட ஆவி, காற்றின் மேற்பகுதியை அடைந்து தீப்பற்றி எரிவதே வால்மீன் என்றார் அவர். நிலவுக்குக் கீழே உள்ள உலகில்தான் தோற்றமும் அழிவும் உண்டு. நிலவுக்கு மேலே உள்ள வானுலகம் என்றும் மாறாதது என்பது அவர் கொள்கை. தோன்றி மறையும் இயல்புடைய வால்மீனுக்கு அவ்வுலகில் இடமில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஐரோப்பாவின் கல்விக்கூடங்களில் இக்கருத்தே பாடமாக ஓதப்பட்டு வந்தது.

சீனர் நிலை வேறு. அந்நாட்டு அரண்மனைகளில் வானத்தை நோக்குவதற்கென்றே அலுவலர் இருந்தனர். ஹாலி வால்மீனின் வருகை என இன்று உறுதியாக அறியப்படும் மிகப் பழைய குறிப்பு, கி.மு. 240-ஆம் ஆண்டில் சீனர் எழுதியதே. வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்கிறது என்பதையும் அவர்கள் கி.பி. 837-ஆம் ஆண்டிலேயே கண்டுகொண்டனர். எனினும் வானநூல் அங்கே அரசாங்கத்தின் உடைமையாக இருந்தது. வானத்துக் குறிகள் அரசுரிமையோடு தொடர்புடையவை எனக் கருதப்பட்டமையால், தனியார் வானநூல் ஏடுகளையும் கருவிகளையும் வைத்துக்கொள்ளப் பல காலங்களில் தடை இருந்தது. குறிப்புகள் சேர்ந்தன, ஆனால் அவற்றை ஒப்பிட்டு வினாக்கள் எழுப்பும் பலர் கைகளுக்கு அவை செல்லவில்லை.

பேழைக்குள் கிடந்த ஏடு

ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் யோகன்னஸ் கூட்டன்பர்க் என்பவர், ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து தனித்தனி எழுத்துகளை வார்த்தார். அவற்றைக் கோத்து, மை தடவி, திராட்சை பிழியும் பொறியை ஒத்த ஓர் அழுத்துபொறியால் தாளில் பதித்தார். பக்கத்துக்கு 42 வரிகள் கொண்ட அவருடைய விவிலியம் 1455-ஆம் ஆண்டை ஒட்டி முற்றுப்பெற்றது. ஏறத்தாழ 180 படிகள் அச்சிடப்பட்டன என்பர்.

அடுத்த ஆண்டிலேயே, 1456-ஆம் ஆண்டுக் கோடையில், பெரிய வால்மீன் ஒன்று தோன்றியது. கான்ஸ்டான்டிநோபிள் நகரம் துருக்கியர் கைப்பட்டு மூன்றே ஆண்டுகள் கழிந்திருந்த காலம் அது. ஐரோப்பிய மக்கள் பெரிதும் கலங்கினர். அவ்வேளையில், இத்தாலியின் பிளாரன்சு நகரில் பாவுலோ டோஸ்கனெல்லி என்ற அறிஞர் கலங்காமல் இரவுதோறும் அவ்வால்மீனை நோக்கினார். விண்மீன்களுக்கிடையே அது நின்ற இடத்தை நாள்தோறும் படத்தில் குறித்தார். மேற்குத் திசையாகவே கடலிற் சென்று ஆசியாவை அடையலாம் என்று கடிதம் எழுதி, கொலம்பஸ் மனத்தில் ஊக்கத்தை விதைத்தவர் எனப் பேசப்படும் அதே டோஸ்கனெல்லிதான் இவர். அவருடைய வால்மீன் குறிப்புகள் அக்காலத்துக்கு மிகவும் நுட்பமானவை.

ஆனால் அவை அச்சேறவில்லை. கையெழுத்து ஏடாகவே பிளாரன்சு நகரில் கிடந்தன. 19-ஆம் நூற்றாண்டில்தான் அறிஞர்கள் அவற்றைக் கண்டெடுத்து வெளிக்கொணர்ந்தனர். இதனால் நேர்ந்த இழப்புப் பின்னர் விளங்கும்.

அதே வால்மீனைப் பற்றி, அக்காலப் போப்பாண்டவர் மூன்றாம் காலிக்ஸ்டஸ் அதனைத் திருச்சபையினின்றும் விலக்கி ஆணையிட்டார் என்று ஒரு கதை நெடுநாள் வழங்கி வந்தது. அவ்வாறு ஓர் ஆணை பிறந்ததற்குச் சான்று இல்லை என வரலாற்று ஆராய்ச்சியாளர் தெளிவாக்கியுள்ளனர். எனினும் அச்சு நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியமையால் அக்கதை நூற்றாண்டுக் கணக்கில் நிலைத்துவிட்டது. உண்மையான அளவுக் குறிப்பு அச்சேறாமல் மறைந்துகிடக்க, பொய்யான கதை அச்சேறி உலவியது. அச்சுப்பொறி உண்மையையும் பொய்யையும் ஒரே மையால்தான் பதிக்கிறது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்ட இஃது ஏற்ற சான்றாகும்.

பேராசிரியரே அச்சுத்தொழிலர்

அடுத்த தலைமுறை அறிஞர் சிலர் அச்சின் ஆற்றலை நன்கு உணர்ந்திருந்தனர். ரேகியோமொந்தானுஸ் என்னும் கணித அறிஞர் 1470-களில் நியூரன்பர்க் நகரில் தாமே ஓர் அச்சகம் நிறுவி வானநூற் பட்டியல்களை வெளியிட்டார். கணக்கு நூல்களைப் படியெடுப்போர் செய்யும் பிழை அவரை மிகவும் வருத்தியது. ஓர் இலக்கம் மாறினாலும் வானநூற் பட்டியல் முழுவதும் பயனற்றுப் போகுமன்றோ? அச்சில் ஒரு முறை திருத்திவிட்டால் எல்லாப் படிகளிலும் திருத்தம் ஏறிவிடும். வால்மீனின் தொலைவை அளப்பது எப்படி என்று அவர் எழுதிய நூல் அவர் இறந்து பல்லாண்டு சென்றபின், 1531-இல் அதே நகரில் அச்சாயிற்று.

அதே 1531-ஆம் ஆண்டில்தான் மீண்டும் ஒரு வால்மீன் தோன்றியது. ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் கணிதப் பேராசிரியராக இருந்த பீட்டர் அப்பியான் அதனை நோக்கினார். அவர் பேராசிரியர் மட்டுமல்லர். சொந்த அச்சகமும் உடையவர். நாள்தோறும் வால்மீன் நின்ற இடத்தை அளந்த அவர், அதன் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்வதைக் கண்டார். சீனர் அறிந்திருந்த உண்மையை அவர் அறியார், தாமே கண்டார். உடனே, அடுத்த ஆண்டில் வெளியிட்ட சிறு நூலின் முகப்பில் ஒரு மரச்செதுக்குப் படத்தைச் சேர்த்தார். சூரியன் ஒருபுறம், பல நாட்களில் வால்மீன் நின்ற நிலைகள் மறுபுறம், ஒவ்வொரு நிலையிலும் வால் சூரியனை விட்டு விலகி நிற்கிறது. இலத்தீன் அறியாதவரும் அப்படத்தைப் பார்த்து உண்மையை உணரலாம்.

1577-ஆம் ஆண்டுப் பெருவால்மீன்

1577-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தோன்றிய வால்மீன் மிகப் பெரியது. அதைப் பற்றி ஐரோப்பாவில் வெளிவந்த நூல்களும் துண்டு வெளியீடுகளும் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை அச்சமூட்டும் எச்சரிக்கைகளே. பிராகா நகரில் வெளியான ஒரு மரச்செதுக்குப் படத்தில், மக்கள் கூட்டமாக நின்று வானை நோக்க, ஒருவர் விளக்கொளியில் அமர்ந்து வால்மீனைத் தாளில் வரைந்துகொண்டிருக்கும் காட்சி இன்றும் காணக் கிடைக்கிறது.

டென்மார்க் நாட்டு வானநூலார் டைக்கோ பிராகி, ஹ்வேன் தீவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த மாலை வேளையில் அதனைக் கண்டார். தொலைநோக்கி தோன்றாத காலம் அது. பெரிய கோணமானிகளைக் கொண்டு வெறுங்கண்ணாலேயே அவர் அளந்தார். அவர் எழுப்பிய வினா எளியது: வால்மீன் நிலவுக்குக் கீழே உள்ளதா, மேலே உள்ளதா?

அதனை அறியும் முறையை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தபின் மறு கண்ணை மூடிப் பார்த்தால் விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். விரல் அருகில் இருந்தால் பெயர்ச்சி மிகுதி. தொலைவில் இருந்தால் குறைவு. இரு கண்களுக்குப் பதிலாக ஐரோப்பாவின் இரண்டு ஊர்களைக் கொள்க. விரலுக்குப் பதிலாக நிலவையோ வால்மீனையோ கொள்க. நிலவு, பார்க்கும் ஊருக்கேற்ப விண்மீன்களிடையே சற்று இடம் பெயர்ந்து தோன்றும். வால்மீன் காற்று மண்டலத்தில் இருந்தால் நிலவைவிடப் பன்மடங்கு பெயரவேண்டும்.

டைக்கோ தம் அளவுகளைப் பிராகாவில் ஹகேசியுஸ் எடுத்த அளவுகளோடும் பிறர் அளவுகளோடும் ஒப்பிட்டார். நிலவுக்குரிய அளவு பெயர்ச்சிகூட வால்மீனிடம் காணப்படவில்லை. டூபிங்கன் அறிஞர் மேஸ்ட்லினும் இதே முடிவுக்கு வந்து 1578-இல் நூல் வெளியிட்டார். வால்மீன் நிலவுக்கு மிக அப்பால், கோள்கள் உலவும் வெளியிலேயே இயங்குகிறது என்பது உறுதியாயிற்று. மாறாத வானுலகம் என்னும் அரிஸ்டாட்டில் கொள்கை ஆட்டம் கண்டது.

டைக்கோவின் பெருநூல் 1588-இல் அவருடைய சொந்த அச்சகத்திலேயே அச்சாயிற்று. தாள் தட்டுப்பாடு வந்தபோது தீவிலேயே தாள் ஆலையும் அமைத்தார். தம் அளவுகளை மட்டும் வெளியிடாமல், அதே வால்மீனைப் பற்றி மற்றவர் அச்சிட்ட நூல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, எவர் அளவு சரி, எவர் எங்கே பிழைத்தார் என்று அந்நூலில் ஆராய்ந்தார். அந்நூல்கள் அச்சேறி அவர் கைக்கு வந்திராவிடில் இவ்வாராய்ச்சி நிகழ்ந்திராது.

அதே வால்மீனை இஸ்தான்புல் நகரில் தகியுத்தீன் என்ற அறிஞரும் ஆராய்ந்தார். சுல்தான் மூன்றாம் முராத் அமைத்துத் தந்த சிறந்த வானாய்வகம் அவருக்கு இருந்தது. கருவிகளில் அது டைக்கோவின் ஆய்வகத்துக்கு இளைத்ததன்று. ஆயினும் 1580-இல் அவ்வாய்வகம் அரசாணையால் இடிக்கப்பட்டது. ஒரே இடத்தில் சேர்ந்த முயற்சி அந்த ஒரே இடத்தோடு தடைப்பட்டது.

கொல்லத்தில் தமிழ் எழுத்து

அவ்வால்மீன் வானில் நின்ற 1577-ஆம் ஆண்டிலேயே கோவாவில் தமிழ் எழுத்துகள் உலோகத்தில் வார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டு கொல்லத்தில் மேலும் திருந்திய எழுத்துகள் உருவாயின. 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அங்கே ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறு நூல் வெளிவந்தது. போர்த்துக்கீசிய மொழியிலிருந்த கிறித்துவ சமயப் பாடத்தை என்றீக்கே என்றீக்கசு பாதிரியார் தமிழாக்கினார். இந்திய எழுத்துகளில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் இதுவே. அதன் இறுதியில் கோவா எழுத்தும் கொல்லம் எழுத்தும் மாதிரியாக அச்சிடப்பட்டுள்ளன. அதன் படி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

இத்துணை முற்பட அச்சு தோன்றியும், பழந்தமிழ் இலக்கியத்தின் பெரும்பகுதி அச்சேற முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. வால்மீனைக் குறிப்பிடும் கபிலர் பாட்டு உள்ள புறநானூறு, உ.வே. சாமிநாதையர் முயற்சியால் 1894-இல்தான் அச்சு வடிவம் பெற்றது. அதுவரை டோஸ்கனெல்லியின் ஏட்டைப் போலவே அதுவும் சிலர் வீட்டு ஏட்டுக்கட்டுகளில் அடங்கிக் கிடந்தது. செல்லரித்து மறைந்த பிற ஏடுகளின் கணக்கை எவரும் சொல்ல இயலாது.

ஹாலி செய்த ஒப்பீடு

1607-இல் தோன்றிய வால்மீனைக் கெப்ளர் அளந்து பின்னர் நூலில் வெளியிட்டார். 1682-இல் மற்றொன்று தோன்றியது. அதனை எட்மண்டு ஹாலி என்னும் ஆங்கில இளைஞர் நேரில் நோக்கினார்.

நியூட்டனின் பெருநூலாகிய ‘பிரின்சிப்பியா’ 1687-இல் அச்சானதும் ஹாலியாலேயே. லண்டன் ராயல் கழகம் மீன்களைப் பற்றிய ஒரு படநூலை அச்சிட்டுப் பணமுடை அடைந்திருந்தது. நியூட்டன் நூலை அச்சிட அதனிடம் பொருள் இல்லை. ஹாலி தம் கைப்பொருளைச் செலவிட்டு அந்நூலை வெளிக்கொணர்ந்தார். கழகம் அவருக்குத் தரவேண்டிய ஊதியத்தையும் விற்காமல் தேங்கிய மீன் நூற்படிகளாகவே கொடுத்தது. வால்மீன்களும் கோள்களைப் போல ஈர்ப்பு விதிக்கு உட்பட்டே இயங்குகின்றன என்பதை அந்நூல் 1680-ஆம் ஆண்டு வால்மீனைக் கொண்டு காட்டிற்று.

பின்னர் ஹாலி, 1337 முதல் 1698 வரை தோன்றியவற்றுள், போதிய குறிப்புக் கிடைத்த 24 வால்மீன்களின் பாதைகளைக் கணக்கிட்டு 1705-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அப்பட்டியலில் மூன்று வரிகள் அவர் கருத்தை ஈர்த்தன. அப்பியான் கண்ட 1531, கெப்ளர் கண்ட 1607, தாமே கண்ட 1682 ஆகிய மூன்றும் கோள்கள் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் சென்றன. மூன்றின் பாதையும் ஏறக்குறைய 17 அல்லது 18 பாகை சாய்ந்திருந்தது. இடைக்காலம் ஒருமுறை 76 ஆண்டு, மறுமுறை 75 ஆண்டு. அச்சிறு வேறுபாடு வியாழன் போன்ற பெருங்கோள்களின் ஈர்ப்பால் விளைந்தது என்று அவர் கொண்டார். மூன்றும் ஒன்றே, 1758-இல் அது மீண்டும் வரும் என்று துணிந்து எழுதினார்.

அவ்விடத்தில் அவர் 1456-ஆம் ஆண்டு வால்மீனையும் குறிப்பிடுகிறார். அதுவும் இதே வால்மீனாக இருத்தல் வேண்டும். ஆனால் அதனை எவரும் முறையாக அளந்து வைக்கவில்லை என்பது அவர் கூற்று. அவர் அவ்வாறு எழுதிய நாளில், டோஸ்கனெல்லி அளந்து வரைந்த படங்கள் பிளாரன்சு நகரில் இருந்தன. இருநூற்றைம்பது ஆண்டுகளாக அவை யாருக்கும் பயன்படவில்லை. ஹாலிக்கு நான்காவது சான்றாக நின்றிருக்க வேண்டிய உழைப்பு, அச்சேறாத ஒரே காரணத்தால், இல்லாத ஒன்றாகவே எண்ணப்பட்டது.

வந்தது வால்மீன்

ஹாலி 1742-இல் இறந்தார். 1758 நெருங்கியபோது பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கிளேரோ, வால்மீன் வரும் நாளை நுட்பமாகக் கணிக்க முயன்றார். வியாழனும் சனியும் அதனை எவ்வளவு தாமதப்படுத்தும் என்று கணக்கிட வேண்டியிருந்தது. லலாந்து என்னும் வானநூலாரும் நிக்கோல்-ரேன் லெப்போட் என்னும் அம்மையாரும் ஏறத்தாழ ஆறு மாதம் ஓயாது கணக்கிட்டனர். வியாழனாலும் சனியாலும் சேர்ந்து 618 நாள் தாமதமாகும். 1759 ஏப்ரல் நடுவில், ஒரு மாதம் முன்பின்னாக, வால்மீன் சூரியனை நெருங்கும் என்பது முடிவு. பின்னர்த் தாம் அச்சிட்ட நூலில் கிளேரோ அம்மையாரின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டார். லலாந்து தம் எழுத்துகளில் அவர் உழைப்பைப் போற்றிப் பதிவு செய்தமையாலேயே அப்பெயர் இன்று தெரிகிறது.

1758 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, டிரெஸ்டன் நகருக்கு அருகில் பாலிட்ஷ் என்னும் உழவர் அவ்வால்மீனை முதலில் கண்டார். தாமே பயின்று வானநூலில் தேர்ந்தவர் அவர். பாரிசில் மெசியே என்னும் இளைஞர் 1759 ஜனவரி 21-இல் அதனைக் கண்டார். ஆனால் அவருடைய மேலதிகாரி டெலில், செய்தியை வெளியிடலாகாது என்று தடுத்துவிட்டார். ஏப்ரல் முதல் நாளில்தான் அறிவிப்பு வந்தது. மறைத்த குற்றத்துக்காகப் பிற அறிஞர்கள் அவர்களைக் குறைகூறினர். சிலர் நம்பவும் மறுத்தனர். கண்டதை மறைத்து வைத்தல் அறிஞர்க்கு அழகன்று என்னும் கருத்து அந்நாளிலேயே வலுப்பெற்றுவிட்டதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. வால்மீன் 1759 மார்ச் 13-இல் சூரியனை மிக நெருங்கிச் சென்றது. கணக்குக்கும் நிகழ்ச்சிக்கும் ஒரு மாத அளவே வேறுபாடு.

1910: செய்தித்தாள் பரப்பிய கலக்கம்

அச்சுப்பொறி நீராவியாலும் பின்னர் மின்சாரத்தாலும் இயங்கத் தொடங்கியது. வரி வரியாக எழுத்து வார்க்கும் லைனோடைப்புப் பொறி 1886-இல் நியூயார்க்கு நாளிதழ் ஒன்றில் பயன்பாட்டுக்கு வந்தது. செய்தி ஒரே நாளில் இலட்சக்கணக்கானவர் கையை அடைந்தது. அந்நிலையில் 1910-இல் ஹாலி வால்மீன் மீண்டும் வந்தது.

அதன் வாலில் சயனோஜன் என்னும் நச்சு வாயு இருப்பதை யெர்க்ஸ் வானாய்வகத்தார் நிறமாலை ஆராய்ச்சியால் கண்டனர். மே மாதம் 18, 19 நாட்களில் பூமி அவ்வாலினூடே செல்லக்கூடும் என்பதும் தெரிந்தது. உயிரினம் அழியலாம் என்று பிரெஞ்சு வானநூலார் பிளாமரியோன் கருதுவதாகச் செய்தித்தாள்கள் எழுதின. வாலில் உள்ள வாயு அளவிறந்து மெலிந்தது, தீங்கு நேராது என்று பிற அறிஞர்கள் விளக்கியதும் அதே தாள்களில் வந்தது. ஆனால் மக்கள் உள்ளத்தில் முதலிற் பதிந்தது அச்சமே. வால்மீன் நஞ்சுக்கு மாற்று என்று மாத்திரை விற்றுப் பொருள் ஈட்டியோரும் உண்டு. குறித்த நாள் வந்தது. ஒரு கேடும் நேரவில்லை. மூன்று நூற்றாண்டுக்கு முந்திய துண்டு வெளியீடுகள் செய்த வேலையை விரைவுப் பொறிகள் இன்னும் விரைவாகச் செய்தன என்றே சொல்லவேண்டும்.

தூசு சொன்ன செய்தி

வால்மீனின் பாதை விளங்கிவிட்டது. அதன் உடல் எத்தகையது என்பது 20-ஆம் நூற்றாண்டு வரை விளங்கவில்லை. 1950-இல் அமெரிக்க அறிஞர் பிரெட் விப்பிள், பனிக்கட்டியும் தூசும் கலந்து இறுகிய உருண்டையே வால்மீனின் கரு என்றார். சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகிறது. அதனோடு தூசும் கிளம்புகிறது. வாயு நீலநிற நேர்வாலாகவும், தூசு வளைந்த மஞ்சள் வாலாகவும் நீள்கின்றன.

1986 மார்ச்சு மாதத்தில் ஐரோப்பியரின் ‘ஜியோட்டோ’ விண்கலம் ஹாலி வால்மீனின் கருவுக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அருகில் சென்றது. கரு சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ளது. கரியினும் கரிய நிறமுடையது. தன்மேற்படும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கையே திருப்பி அனுப்புவது. தூசில் கரியமும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நைட்ரஜனும் செறிந்த துகள்கள் இருந்தன.

அமெரிக்கரின் ‘ஸ்டார்டஸ்ட்’ விண்கலம் 1999-இல் புறப்பட்டு, 2004 ஜனவரி 2-ஆம் நாள் வில்ட்-2 என்னும் வால்மீனை அடைந்தது. நொடிக்கு 6 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வரும் தூசைச் சிதையாமல் பிடிக்க ஏரோஜெல் என்னும் வியத்தகு பொருள் பயன்பட்டது. 1931-இல் சாமுவேல் கிஸ்ட்லர் கண்ட அப்பொருள் மணலின் மூலப்பொருளான சிலிக்காவால் ஆனது. ஆயினும் பெரும்பகுதியும் வெற்றிடமே. பார்வைக்கு உறைந்த புகைபோல் இருக்கும். தமிழர் தூமம் என்று பெயரிட்ட ஒன்றின் துகள்கள் உறைந்த புகையில் அகப்பட்டன. ஒவ்வொரு துகளும் அதனுள் முள்ளங்கிக் கிழங்கு வடிவில் ஒரு தடத்தைப் பதித்து நின்றது. 2006 ஜனவரி 15-இல் பேழை யூட்டா பாலைநிலத்தில் இறங்கியது.

ஆராய்ச்சியின் முடிவு அறிஞரை வியப்பில் ஆழ்த்தியது. குளிர்மிக்க தொலைவெளியில் உருவான வால்மீனில், 1,000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் மட்டுமே தோன்றக்கூடிய கனிமங்கள் இருந்தன. இளஞ்சூரியனுக்கு அருகில் வெந்த பொருள் எவ்வாறோ வெளிவிளிம்புக்குச் சென்று பனியோடு கலந்திருக்க வேண்டும். சூரிய குடும்பம் பிறந்த கதையில் ஒரு பகுதியைத் திருத்தி எழுதவேண்டியதாயிற்று. புரதத்தின் கூறுகளுள் ஒன்றான கிளைசின் அத்தூசுப் பேழையில் இருந்ததாக 2009-இல் அறிவித்தனர். பின்னர் ‘ரொசெட்டா’ விண்கலம் 2014 முதல் 2016 வரை 67பி என்னும் வால்மீனோடு உடன்சென்று கிளைசினையும் பாஸ்பரசையும் கண்டறிந்தது.

அவ்வாராய்ச்சி நடந்த முறையும் கருதத்தக்கது. ஸ்டார்டஸ்ட் கலத்தின் மற்றொரு தட்டில் விண்மீன்களிடை வெளியிலிருந்து வந்த தூசைத் தேடவேண்டியிருந்தது. அதன் நுண்படங்களை அறிஞர்கள் இணையத்தின் வழி பொதுமக்களிடம் கொடுத்தனர். 30,000-க்கு மேற்பட்ட தன்னார்வலர் படம் படமாக ஆராய்ந்தனர். 2014-இல் ஏழு துகள்களைப் பற்றிய முடிவு வெளியானபோது அத்தன்னார்வலரும் ஆசிரியர் வரிசையில் இடம்பெற்றனர். லெப்போட் அம்மையாருக்கு மறுக்கப்பட்டது இவர்களுக்குக் கிடைத்தது.

அச்சும் தூசும் மீண்டும் சந்தித்தல்

அச்சு என்னும் சொல்லே இன்று பொருள் விரிந்துவிட்டது. தாளில் எழுத்தைப் பதித்த கலை, படலத்தின்மேல் படலமாகப் பொருளையே வார்த்தெடுக்கும் முப்பரிமாண அச்சாக வளர்ந்துள்ளது. ஏரோஜெல் எளிதில் நொறுங்குவது; அதனை அறுத்தோ கடைந்தோ நுண்ணிய வடிவமாக்குவது கடினம். சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தார் ஏரோஜெல் தூளையே மையாகக் குழைத்து, நுண்குழாய் வழி அச்சிட்டு உலர்த்தி, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நுட்பமுள்ள வடிவங்களை ஆக்கி 2020-இல் வெளியிட்டனர். ஈயத்தை வார்த்து எழுத்தாக்கிய கூட்டன்பர்க்கின் வழித்தோன்றல், வால்மீன் தூசைத் தாங்கிய பொருளையே இன்று மையாகக் கொள்கிறது.

ஹாலி வால்மீன் 2023 டிசம்பர் 9-இல் சூரியனுக்கு மிகத் தொலைவான முனையை எட்டித் திரும்பிவிட்டது. 2061 ஜூலை 28-இல் அது சூரியனை மீண்டும் நெருங்கும். இன்று தொடக்கப்பள்ளியில் பயிலும் மாணவர் நடுவயதில் அதனைக் காண்பர். அதுவரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. அது முற்காலத்தில் உதிர்த்த தூசினூடே பூமி ஆண்டுக்கு இருமுறை செல்கிறது. மே மாதம் 5, 6 நாட்களை ஒட்டியும், அக்டோபர் 21-ஐ ஒட்டியும், நள்ளிரவு கடந்தபின் மலேசிய, சிங்கை வானத்தில் மேகம் இல்லாதபோது அத்தூசு எரிகற்களாக ஒளிர்வதைக் காணலாம். விளக்கொளி குறைந்த தோட்டப்புறங்கள் அதற்கு ஏற்ற இடமாகும்.

கண்டவர் நாள், மணி, எண்ணிக்கை, மேகத்தின் அளவு ஆகியவற்றை ஏட்டில் குறித்தல் வேண்டும். குறித்ததைப் பள்ளி மலரிலோ நாளிதழிலோ அச்சேற்றுதல் வேண்டும். உலகெங்கும் இத்தகைய எண்ணிக்கைகளைத் திரட்டும் பன்னாட்டு எரிகல் அமைப்புக்கு அனுப்புதலும் நன்று. ஓர் ஊரில் மேகம் மறைத்த இரவை மற்றோர் ஊர்ப் பள்ளியின் குறிப்பு நிரப்பும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய குறிப்பேடு எவ்வளவு செம்மையாக இருந்தாலும், பிளாரன்சு நகரத்து ஏட்டின் கதியே அதற்கும் நேரும்.